தலைசுற்றல் உள்ளவருக்குச் செய்யப்படும் சமநிலைச் சோதனைகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டுவதில்லை?

கேள்வி இதுதான்: பல மாதங்களாகத் தலைசுற்றலும் தள்ளாட்டமும் உள்ள ஒருவருக்குக் காதில் வெந்நீரும் குளிர்நீரும் விட்டுச் செய்த சோதனையில் ஒரு பக்க உள்காது பலவீனமாக இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது, ஆனால் தட்டின் மேல் நிறுத்திச் செய்த சமநிலைச் சோதனையில் எல்லாம் இயல்பு என்று வந்திருக்கிறது. இரண்டில் எதை நம்புவது, அவருடைய தள்ளாட்டம் உண்மைதானா என்று கேட்கப்பட்டிருக்கிறது. இரண்டு அறிக்கையும் சரியாக இருக்கலாம், தள்ளாட்டமும் உண்மையாக இருக்கலாம் என்பதே என் பதில். அது எப்படி என்று விளங்க, ஒவ்வொரு சோதனையும் உடலின் எந்தப் பகுதியிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் கணுக்காலை மையமாகக் கொண்டு முன்னும் பின்னும் சிறிதளவு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தை எல்லைக்குள் வைத்திருக்க மூளை மூன்று இடங்களிலிருந்து தகவல் பெறுகிறது: பாதம், கணுக்கால், முதுகு ஆகியவற்றின் தொடு உணர்வும் மூட்டு உணர்வும், கண் பார்வை, உள்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும். உறுதியான தரையில், நல்ல வெளிச்சத்தில் நிற்கும்போது பாதத்தின் தகவலே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும். தரை மெத்தென்று இருந்தாலோ, இருட்டாக இருந்தாலோ, சுற்றியுள்ள காட்சி முழுவதும் நகர்ந்தாலோ மூளை அந்தப் பங்கீட்டை உடனே மாற்றி, எது நம்பத்தக்கதோ அதன் மேல் சாய்கிறது. சமநிலைச் சோதனைகள் அளப்பது பெரும்பாலும் இந்தப் பங்கீட்டை மாற்றும் திறனைத்தான். தனியாக ஓர் உறுப்பின் நலத்தை அல்ல.

உள்காதிலிருந்து கிளம்பும் தகவல் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு வழி கண் தசைகளுக்குச் சென்று, தலை திரும்பும்போது பார்வை கலையாமல் காக்கிறது. இன்னொரு வழி தண்டுவடத்தின் வழியே கழுத்து, இடுப்பு, கால் தசைகளுக்குச் சென்று உடலை நிமிர்த்தி வைக்கிறது. காதில் நீர் விட்டுச் செய்யும் சோதனை முதல் வழியை மட்டுமே அளக்கிறது. 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாராணி வகுத்த முறையிலிருந்து வளர்ந்த அந்தச் சோதனையில், 30 பாகை செல்சியஸிலும் 44 பாகை செல்சியஸிலும் உள்ள நீரைக் காதுக்குள் செலுத்தி, அதனால் எழும் விழித்துடிப்பின் (விழி தானாக ஒரு பக்கமாகத் திரும்பத் திரும்ப வெட்டி அசைவதன்) வேகத்தை இரு பக்கமும் ஒப்பிடுவார்கள். சுமார் 25 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஒரு பக்கம் பலவீனம் என்று எழுதுவார்கள். கிடைமட்டக் குழாய் ஒன்றை மட்டும், அதுவும் அன்றாடத் தலையசைவைவிட மிக மெதுவான தூண்டுதலுக்கு, அது சோதிக்கிறது. ஒரு பக்க நரம்பு அழற்சியால் செயல்குறைந்த உள்காது பல ஆண்டுகள் ஆனாலும் இந்தச் சோதனையில் பலவீனமாகவே தெரியலாம். ஆனால் மூளை சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தக் குறையை ஈடுசெய்து, நிற்பதையும் நடப்பதையும் ஏறக்குறைய பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கேள்வியில் சொல்லப்பட்ட முரண்பாட்டுக்கு மிகச் சாதாரணமான விளக்கம் இதுதான்: காதில் குறை இருக்கிறது, நிற்கும் செயலில் அது ஈடுசெய்யப்பட்டிருக்கிறது.

நிற்கவைத்துச் செய்யும் சோதனைகளில் பழமையானது 1840களில் பெர்லினின் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்தது. பாதங்களை ஒட்டிவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முதலில் கண்ணைத் திறந்தும் பிறகு மூடியும் அரை நிமிடம் நிற்கச் சொல்வார்கள். பரிசோதிப்பவர் தாங்கிப் பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். ரோம்பெர்க் இதை விவரித்தது சிபிலிஸ் நோயால் தண்டுவடத்தின் பின்பகுதி கெட்டு மூட்டு உணர்வை இழந்த நோயாளிகளிடம். உள்காதைச் சோதிப்பதற்காக அல்ல. இந்தப் பின்னணியை மறந்துவிடுவதால் இன்றும் இரண்டு பிழைகள் நடக்கின்றன. முதலாவது, கண்ணைத் திறந்திருக்கும்போதே பாதம் ஒட்டி நிற்க முடியாதவரை ‘ரோம்பெர்க் பாசிட்டிவ்’ என்று எழுதுவது. திறந்த கண்ணோடு நிற்க முடிந்து, மூடியவுடன் விழப்போனால்தான் அந்தப் பெயர் பொருந்தும். திறந்திருந்தாலும் மூடினாலும் தள்ளாடுவது சிறுமூளைக் கோளாற்றை நினைக்கவைக்கும் வேறு நிலை. இரண்டாவது, உறுதியான தரையில் இந்தச் சோதனையில் தேறிவிட்டவருக்கு உள்காதுக் குறை இல்லை என்று முடிவுகட்டுவது. உள்காது இரண்டும் செயலிழந்தவர்கூடப் பாத உணர்வு நன்றாக இருந்தால் உறுதியான தரையில் கண்ணை மூடி நின்றுவிடுவார். ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டவைத்து நிற்கும் கடினமான வடிவமும் உண்டு. ஆனால் வயதானவர்களில் நலமாக உள்ள பலரும் அதில் தவறுவதால், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல நான் தயங்குவேன்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஃபோம் மெத்தை வந்தது. ஆன் ஷம்வே-குக், ஃபே ஹோராக் இருவரும் 1986இல் முன்வைத்த முறையில், உறுதியான தரை, மெத்தை என்ற இரண்டு பரப்பிலும் கண்ணைத் திறந்து, மூடி, பிறகு தலையுடன் நகர்ந்து பார்வையைக் குழப்பும் கூடு ஒன்றை அணிந்து என ஆறு நிலைகளில் நிற்கவைப்பார்கள். கூடு அணிவது நடைமுறையில் தொல்லையாக இருந்ததால், இப்போது பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நான்கு நிலைகளை மட்டுமே செய்கிறார்கள். மெத்தை பாதத்தின் தகவலைக் குழப்புகிறது, கண்ணை மூடுவது பார்வையை நீக்குகிறது, மிஞ்சுவது உள்காதுதான். ஆகவே முதல் மூன்று நிலைகளில் நன்றாக நின்று, மெத்தையில் கண்ணை மூடியவுடன் சில விநாடிகளில் விழப்போகிறவருக்கு உள்காதுத் தகவல் போதவில்லை அல்லது மூளை அதைப் பயன்படுத்தவில்லை என்று கொள்ளலாம். விலை குறைந்த, எளிய, ஆனால் நிறையச் சொல்லும் சோதனை இது. ஒரே ஒரு நிற்கும் சோதனைதான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இருந்தாலும் இதன் முடிவை உள்காது நோய் என்று அப்படியே மொழிபெயர்த்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வின் தரவுகளில், 40 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் மெத்தையில் கண்ணை மூடி நிற்கும் நிலையில் தவறினார்கள். அதை வைத்து மூன்றில் ஒருவருக்கு உள்காதுச் சமநிலைக் குறை என்று பரவலாக எழுதப்பட்டது. ஆனால் மெத்தையில் நிற்கக் கணுக்காலின் பலமும் வேண்டும், முழங்கால் வலி இல்லாமலும் இருக்க வேண்டும், பயமும் இருக்கக் கூடாது. மெத்தையின் தடிமன், அடர்த்தி, நோயாளியின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அது எவ்வளவு அமுங்கும் என்பதை முடிவு செய்கின்றன. அறிக்கையில் மெத்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அடுத்த இடத்தில் செய்த சோதனையோடு அதை ஒப்பிட முடியாது. பாத உணர்வையும் தனியாகப் பார்த்தாக வேண்டும். கால் பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்; நீண்டகாலச் சர்க்கரை நோயாளியிடம் அந்த ஒரு நிமிடம் மொத்த விளக்கத்தையும் மாற்றிவிடக்கூடும்.

கேள்வியில் வந்த ‘தட்டுச் சோதனை’ இதன் கணினி வடிவம். லூயிஸ் நாஷ்னரின் ஆய்வுகளிலிருந்து உருவான இந்தக் கருவியில், நோயாளி பாதுகாப்புப் பட்டை அணிந்து, பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் விசைத்தட்டின் மேல் நிற்பார். மூன்று பக்கமும் ஒரு காட்சித்திரை சூழ்ந்திருக்கும். உடல் முன்னே சாய்ந்தால் அதே அளவுக்குத் தட்டும் சாயும். அதனால் கணுக்காலின் கோணம் மாறாமல், உடல் ஆடவில்லை என்ற பொய்த் தகவல் மூளைக்குப் போகும். திரையையும் அதேபோல் உடலோடு சேர்ந்து அசையச் செய்யலாம். இப்படி ஆறு நிலைகள்: முதல் மூன்றில் தட்டு அசையாது, அடுத்த மூன்றில் அது உடலோடு சாயும்; இரண்டு தொகுதியிலும் முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி, பிறகு திறந்த கண்ணோடு திரை அசைய நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 20 விநாடி வீதம் மூன்று முறை. முன்பின்னாக ஏறத்தாழ 12.5 பாகை வரை ஒருவர் விழாமல் ஆட முடியும் என்று வைத்துக்கொண்டு, ஆட்டம் அதற்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிக மதிப்பெண் தரப்படும். ஆடவே இல்லையென்றால் 100, விழுந்தால் 0.

மொத்த மதிப்பெண்ணைவிட அது எந்த நிலைகளில் குறைந்தது என்பதே பயனுள்ளது. தட்டு ஏமாற்றும் ஐந்தாவது, ஆறாவது நிலைகளில் மட்டும் விழுபவர், அதாவது பார்வை இல்லாமலோ பார்வை பொய் சொல்லும்போதோ உள்காதை மட்டும் நம்ப வேண்டியிருக்கும்போது விழுபவர், உள்காதுத் தகவலைப் பயன்படுத்த முடியாதவர். திரை அசையும் மூன்றாவது, ஆறாவது நிலைகளில், கண்ணை மூடி நிற்பதைவிட மோசமாக ஆடுபவர், தவறான காட்சியையும் விடாமல் பற்றிக்கொள்பவர்; கூட்டமும் அசையும் காட்சியும் அவருக்கு ஏன் தலைசுற்றலைத் தருகின்றன என்பதற்கு அதில் ஒரு குறிப்பு கிடைக்கும். ஆனால் எந்தக் காது, எந்த நரம்பு, எந்த நோய் என்ற கேள்விகளுக்கு இந்தக் கருவியிடம் பதில் இல்லை. உள்காதின் நுண்படிகங்கள் இடம்பெயர்வதால் படுக்கையில் புரளும்போது வரும் படிகத் தலைசுற்றலிலும், தலைசுற்றல் விட்டுவிட்டுத் தாக்கும் உள்காது நோயான மெனியர் நோயில் தாக்குதல்களுக்கு இடைப்பட்ட காலத்திலும், ஈடுசெய்யப்பட்ட ஒரு பக்கக் குறையிலும் இதன் முடிவு முற்றிலும் இயல்பாக இருக்கலாம். ‘இயல்பு’ என்ற அந்தச் சொல்லை நோயாளியிடம் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப் பயன்படுத்துவது இந்தத் துறையில் நான் காணும் மிக மோசமான பழக்கம்.

விசைத்தட்டே நோயைக் காட்டிக்கொடுக்கும் விதிவிலக்குகள் சில உண்டு. நின்றால் மட்டும் நிலைகுலைவு, உட்கார்ந்தாலோ நடந்தாலோ நிம்மதி என்று சொல்பவரின் கால் தசைகளில் விநாடிக்கு 13 முதல் 18 முறை வரை நடுக்கம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த அதிர்வைத் தட்டின் பதிவு காட்டிவிடும். நீண்டகால மதுப்பழக்கத்தால் சிறுமூளையின் முன்மடல் தேய்ந்தவரிடம் விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை முன்பின்னாக ஆடும் ஒரு தனி வகை ஆட்டமும் அதில் தெரியும். மற்ற பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்தக் கருவி செயல்திறனின் அளவுகோல் மட்டுமே.

இன்னொரு வகை முடிவைப் பற்றி எச்சரிக்கையோடு எழுத வேண்டியிருக்கிறது. எளிதான முதல் இரண்டு நிலைகளில் மிகவும் ஆடி, கடினமான கடைசி இரண்டில் அதைவிட நன்றாக நிற்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னால் சிலருடைய ஆட்டம் குறைந்தும் விடும். உறுப்புக் குறை மட்டும் இருந்தால் இப்படி நடக்காது என்பது உண்மை. அதை வைத்து ‘நடிக்கிறார்’ என்று எழுதுவது பெரும்பாலும் தவறு. தன் உடலின் ஒவ்வோர் அசைவையும் கவனித்து, விழுந்துவிடுவோமோ என்று தசைகளை இறுக்கிக்கொள்பவரிடம் இதே படம்தான் கிடைக்கும். கவனம் வேறு பக்கம் போனதும் தானியங்கும் சமநிலை மீண்டும் தன் வேலையைச் செய்கிறது. தலைசுற்றல் நோய்களை ஆராயும் பன்னாட்டு அமைப்பான பாராணி சங்கம் 2017இல் வரையறை வெளியிட்ட, மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் தொடர்நிலைத் தலைசுற்றல் வகையில் இதை அடிக்கடி காணலாம். தொடக்கத்தில் உண்மையான உள்காதுத் தாக்குதல் ஒன்று இருந்து, அது அடங்கிய பிறகும் பழைய தற்காப்புப் பழக்கம் தங்கிவிடுவதுதான் பலரின் கதை. அதற்குச் சிகிச்சை உண்டு.

நிற்கவைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை இவற்றையெல்லாம்விட முக்கியம். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். மேலளவு 20 அல்லது கீழளவு 10 குறைந்தால், எழும்போது வரும் கிறுகிறுப்புக்குக் காதைத் தேட வேண்டியதில்லை. மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் 1952இல் விவரித்த படுக்கவைக்கும் சோதனையில், தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று பின்னால் சாய்க்கும்போது, சில விநாடி கழித்து விழி மேல்நோக்கியும் சுழன்றும் துடித்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், பின்புற அரைவட்டக் குழாயில் படிகங்கள் புகுந்திருக்கின்றன என்று பொருள். அதே மேசையில் தலையை முறையாகத் திருப்பி அவற்றை வெளியேற்றிவிடவும் முடியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருவரை விசைத்தட்டுக்கு அனுப்புவது வரிசையைத் தலைகீழாக்குவது.

திடீரென்று தொடங்கி, மணிக்கணக்கில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் தலைசுற்றல் தனி விஷயம். அங்கே மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ பக்கவாதம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அதற்கான மிக மதிப்புள்ள சமநிலைச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்: நோயாளியைக் கட்டிலின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்ல வேண்டும். உள்காது நரம்பு அழற்சி உள்ளவர் எவ்வளவு வாந்தி எடுத்தாலும், பாதிக்கப்பட்ட பக்கம் சாய்ந்துகொண்டாவது உட்காருவார், துணையோடு நிற்பார். பிடிமானம் இல்லாமல் உட்காரவே முடியாதவரிடம், கை கால் பலம் சரியாக இருந்தாலும், மூளைக் காரணத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இதோடு, 2009இல் ஹோர்ஹே கட்டா, டேவிட் நியூமன்-டோக்கர் முதலியோர் வெளியிட்ட மூன்று கண் சோதனைகளும் சேர வேண்டும்: தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் குறியை விட்டு விலகித் திரும்பி வருகிறதா, விழித்துடிப்பின் திசை பார்க்கும் பக்கத்துக்கேற்ப மாறுகிறதா, ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடும்போது விழி மேலோ கீழோ நகர்கிறதா. தலையைத் திருப்பும் சோதனை இயல்பாக இருப்பதுதான் இங்கே ஆபத்தின் அறிகுறி என்பது பலரைக் குழப்புகிறது; உள்காது நரம்புதான் காரணம் என்றால் அந்தச் சோதனையில் குறை தெரிந்திருக்க வேண்டும். விழித்துடிப்போடு தொடர்ந்து தலைசுற்றிக்கொண்டிருப்பவரிடம் மட்டுமே இவை பொருள்படும். வந்து போகும் தலைசுற்றலில் இவற்றைச் செய்தால் தவறான முடிவுதான் கிடைக்கும். முதல் 48 மணி நேரத்தில் எடுத்த எம்ஆர்ஐகூடச் சிறிய பக்கவாதங்களைத் தவறவிடலாம் என்பதால், பயிற்சியுள்ளவர் படுக்கையருகில் செய்யும் இந்தச் சோதனைக்கு அவ்வளவு மதிப்பு.

கண்ணை மூடி ஒரே இடத்தில் 50 அடி வைக்கச் சொல்லி, உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும் ஃபுக்குடா சோதனையை இன்னும் பலர் செய்கிறார்கள். நலமானவர்களும் திரும்புகிறார்கள், அதே ஆள் மறுமுறை வேறு பக்கமும் திரும்புகிறார். அதன் மேல் நான் பாரம் வைப்பதில்லை.

இனி நடை. தள்ளாடுகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அசையாமல் நிற்கும்போது தள்ளாடுவதில்லை. நடந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பும்போதும், படி இறங்கும்போதும், இருட்டில் எழுந்து செல்லும்போதும்தான் தள்ளாடுகிறார்கள். ஆகவே அசையும்போது சோதிக்காமல் சமநிலையைச் சோதித்ததாகச் சொல்ல முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தை அளக்கும் சோதனை எளிது. முதியவர்களில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கொள்வார்கள். ஆனால் இளவயது உள்காது நோயாளிக்கு அது மிக எளிதாக இருந்து எதையும் காட்டாமல் போகலாம். அவருக்குப் பத்து வகை நடைகளை 30 மதிப்பெண்ணுக்கு அளக்கும் செயல்நடை மதிப்பீடு பொருத்தம். தலையை இருபுறமும் திருப்பிக்கொண்டு நடப்பது, மேலும் கீழும் அசைத்துக்கொண்டு நடப்பது, கண்ணை மூடி நடப்பது, பின்னோக்கி நடப்பது எல்லாம் அதில் உண்டு. முதியவர்களில் 22ஓ அதற்குக் குறைவோ எடுத்தால் விழும் அபாயம் கூடுதல். மொத்தத்தைவிட, தலையைத் திருப்பும் வரிசையில் மட்டும் நடை கோணிப்போகிறதா என்று பார்ப்பது எனக்கு முக்கியமாகப்படுகிறது.

நோயாளியே நிரப்பும் கேள்வித்தாள்களையும் ஒதுக்கக் கூடாது. 1990இல் வந்த 25 கேள்விகள் கொண்ட தலைசுற்றல் பாதிப்புப் பட்டியல் 100 மதிப்பெண்ணுக்கு எவ்வளவு என்று சொல்லும். அது கருவியின் முடிவோடு பல சமயம் ஒத்துப்போகாது. அந்த ஒத்துப்போகாமையே ஒரு தகவல்தான், ஏனென்றால் அளவில் சிறிய குறையும் பயத்தோடு சேரும்போது வாழ்க்கையைச் சுருக்கிவிடுகிறது.

சோதனைக்கு வருபவர் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளையும் தூக்க மருந்துகளையும் பொதுவாக இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்தலாம் என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும், வலிப்பு மருந்து, இதய மருந்து முதலியவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. மது கூடாது. தூரப்பார்வைக் கண்ணாடியை மறக்கக் கூடாது. முழங்கால், கணுக்கால் வலியையும் பழைய முறிவுகளையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்விக்குரியவரின் நிலைக்கு வந்தால், அவர் ஏற்கெனவே செய்த இரண்டு சோதனைகளும் அவருடைய புகார் எழும் சூழலைத் தொடவே இல்லை என்றுதான் நான் ஐயுறுகிறேன். இருபுறமும் படுக்கவைக்கும் சோதனையை அவருக்குச் செய்ய வேண்டும். உள்காது நரம்பு அழற்சிக்குப் பிறகு படிகத் தலைசுற்றல் வருவது அரிதல்ல. தலையை அசைத்துக்கொண்டே எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, அசையாமல் படித்ததைவிட எத்தனை வரி குறைகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வரியோ அதற்கு மேலோ குறைந்தால் பார்வையை நிலைநிறுத்தும் வழி இன்னும் ஈடாகவில்லை. தலையைத் திருப்பும் நடையையும் மெத்தையில் நிற்பதையும் அளந்து, கூட்டத்திலும் அசையும் காட்சியிலும் தொல்லை கூடுகிறதா என்று விரிவாகக் கேட்க வேண்டும். எதில் குறை தெரிகிறதோ அதற்கேற்ற பயிற்சியை இயன்முறை மருத்துவர் அமைக்கலாம்: பார்வை நிலைநிறுத்தும் பயிற்சி, மெத்தைப் பயிற்சி, அசையும் காட்சிக்குப் பழக்குதல் என மூன்றும் வெவ்வேறு.

பயிற்சிக்குப் பிறகு முன்னேற்றத்தை அளக்க அதே விசைத்தட்டுக்குத் திரும்பினால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நலமானவர்களும் இரண்டாம், மூன்றாம் முறை நிற்கும்போது சோதனையையே கற்றுக்கொண்டு கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள். ஆகவே மொத்த மதிப்பெண் 8 புள்ளிக்கு மேல் ஏறியிருந்தால்தான் அதைச் சிகிச்சையின் பலன் என்று எண்ணலாம். அதற்குக் குறைவான ஏற்றத்தைவிட, தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கும்போது அவர் இப்போது சுவரைத் தேடுகிறாரா இல்லையா என்பதையே நான் பார்ப்பேன்.